எகிப்தின் பண்டைய மதம்: எதை நம்பிப் படிப்பது?

கேள்வி: "பண்டைய எகிப்தின் மதத்தை முறையாகப் படிக்க ஆசை. இணையத்தில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். வாலிஸ் பட்ஜ் எழுதிய நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, அவற்றை நம்பலாமா? ஜெர்மனும் பிரெஞ்சும் எனக்குத் தெரியாது. எங்கே தொடங்குவது?"

பட்ஜில் தொடங்காதீர்கள். இரண்டாவது நூலாகவோ மூன்றாவது நூலாகவோகூட அவரை எடுக்க வேண்டாம். நன்றாகப் பழகிய பிறகு, அந்தக் காலத்தில் எப்படி எழுதினார்கள் என்று பார்க்கும் ஆவல் வந்தால் அப்போது புரட்டிக்கொள்ளலாம்.

அவர் போலி ஆசாமி அல்ல. 1894 முதல் 1924 வரை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் எகிப்திய, அசீரியத் தொல்பொருள் பிரிவின் தலைவராக இருந்தவர். ஆனி என்பவருக்காக எழுதப்பட்ட புகழ்பெற்ற இறந்தோர் நூல் (மறுமைக்கான மந்திரத் தொகுப்பு) பாப்பிரஸ் சுருளை 1888இல் அருங்காட்சியகத்துக்கு வாங்கிக் கொடுத்தவரும் அவரே. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 1880களிலிருந்து பெர்லினில் அடோல்ஃப் எர்மனும் அவருடைய மாணவர்களும் எகிப்திய மொழியின் இலக்கணத்தை அடியிலிருந்து திருத்தி எழுதினார்கள். பட்ஜ் அதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. பழைய ஒலிபெயர்ப்பையும் பழைய இலக்கணப் புரிதலையும் விடாமல் பிடித்துக்கொண்டார். ஆகவே அவருடைய மொழிபெயர்ப்புகள் அச்சேறிய நாட்களிலேயே பழையவை. இத்தனைக்குப் பிறகும் அவர் எங்கும் தென்படுவதற்குக் காரணம் தரமல்ல. 1934இல் இறந்தவர் என்பதால் பதிப்புரிமை காலாவதியாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், தளத்தில் ஏற்றலாம், தங்கள் நூலுக்குள் வெட்டி ஒட்டலாம். இலவசமாகக் கிடைப்பது நம்பத்தகாதது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். மிகச் சிறந்த இலவச மூலங்களைக் கீழே சொல்கிறேன்.

ஆனியின் சுருளைத்தான் பார்க்க வேண்டும் என்றால், 1994இல் வந்த பெரிய அளவுப் பதிப்பைத் தேடுங்கள். சுருளின் வண்ணப் படங்களுக்குக் கீழே ரேமண்ட் ஃபாக்னரின் மொழிபெயர்ப்பும், பின்னால் ஓக்டன் கோலெட்டின் விளக்கமும் இருக்கும். பட்ஜ் வெளியிட்ட அதே சுருள்தான். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சில இடங்களில் வேறு நூலைப் படிக்கிறோமோ என்றே தோன்றும்.

இனி, எந்த நூலையும் தளத்தையும் சோதிக்க நான் கேட்கும் ஒரே கேள்வி: இந்தச் செய்தி எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது, எந்த ஊர், எந்தச் சுவர், எந்தச் சுருள்? நமக்குக் கிடைத்த மிகப் பழைய பெரிய சமய நூல்தொகுதி சக்காராவில் உனாஸ் மன்னனின் பிரமிடுக்குள் வெட்டப்பட்டது, ஏறத்தாழ கி.மு. 2350. தேதி தெரிந்த கடைசி ஹைரோகிளிஃப் (எகிப்தியப் படவெழுத்து) கல்வெட்டு ஃபிலே தீவுக் கோயிலில் இருக்கிறது, கி.பி. 394 ஆகஸ்ட். இடையில் ஏறக்குறைய 2,750 ஆண்டுகள். அவ்வளவு நீண்ட காலத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி "எகிப்தியர்கள் நம்பினார்கள்" என்று ஆரம்பிக்கும் வாக்கியத்தைக் கண்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். எந்த எகிப்தியர்? பிரமிடு கட்டிய மன்னனா, தீப்ஸில் கல்லறை தோண்டிய தொழிலாளியா, கிரேக்கம் பேசிய அலெக்சாண்ட்ரியாக்காரரா? நல்ல ஆசிரியர் இதைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவார். பேராசிரியர் பட்டத்தைவிட இந்தப் பழக்கமே எனக்குப் பெரிய சான்றிதழ்.

எல்லோருக்கும் தெரிந்த ஓசைரிஸ் கதையில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். சேத் என்ற தெய்வம் அரசாளும் தன் அண்ணன் ஓசைரிஸை ஏமாற்றிப் பெட்டியில் அடைத்து ஆற்றில் விடுகிறான். பிறகு உடலைப் பதினான்கு துண்டுகளாக்கி எறிகிறான். ஓசைரிஸின் மனைவி ஐசிஸ் தேடித் தேடிச் சேர்க்கிறாள். ஆண்குறி மட்டும் கிடைக்கவில்லை, மீன்கள் தின்றுவிட்டன. குழந்தைகள் புத்தகம் முதல் ஆவணப்படம் வரை இப்படித்தான் சொல்கின்றன. எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டே பின்னோக்கிப் போனால் ஒரு கிரேக்கர் வீட்டு வாசலில் போய் நிற்போம். அவர் புளூட்டார்க். கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், டெல்ஃபியில் பூசாரிணியாக இருந்த கிளேயா என்ற பெண்ணுக்காக ஐசிஸையும் ஓசைரிஸையும் பற்றி அவர் ஒரு நூல் எழுதினார். தொடக்கம் முதல் முடிவுவரை கோவையாகச் சொல்லப்பட்ட ஓசைரிஸ் கதை நமக்கு அங்கேதான் கிடைக்கிறது. எகிப்திய மொழியில் அப்படி ஒன்று கிடைக்கவில்லை.

எகிப்திய மொழியில் இருப்பவை துதிகள், மந்திரங்கள், சடங்கு நூல்கள். கேட்பவருக்குக் கதை ஏற்கெனவே தெரியும் என்பதால் அவை குறிப்பு மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடும். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள அமென்மோஸின் கற்பலகை, பதினெட்டாம் வம்சக் காலத்தது (ஏறத்தாழ கி.மு. 1550–1300). ஓசைரிஸ் கதையின் போக்கை எகிப்திய மொழியில் விரிவாகத் தருவதில் அதற்கு முதன்மையான இடம் உண்டு. ஆனால் கொலையைப் பற்றி அது வாயே திறப்பதில்லை. அமங்கலமானதைக் கல்லில் வெட்டி நிலைக்க வைக்க அவர்கள் தயங்கினார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். உடல் துண்டுகளின் எண்ணிக்கையும் பிற்காலக் கோயில் நூல்களில் ஒன்றுக்கொன்று மாறுகிறது.

மீன் தின்ற செய்தி இன்னும் சுவாரசியம். அபிடோஸில் முதலாம் சேத்தி கட்டிய கோயிலுக்குப் போனால், ஓசைரிஸ் கட்டிலில் படுத்திருக்க, ஐசிஸ் பருந்து வடிவில் அவருடைய குறியின் மீது இறங்கி, மகன் ஹோரஸைக் கருத்தரிக்கும் காட்சி சுவரில் தெளிவாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. கி.மு. பதின்மூன்றாம் நூற்றாண்டு வேலை. மீன் தின்றிருந்தால் இந்தக் காட்சிக்கே இடமில்லை. புளூட்டார்க் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவர் காலத்தில் வழங்கிய ஒரு வடிவத்தை, தம் மெய்யியலுக்குத் தோதாக அடுக்கிச் சொன்னார். அதற்கும் சேத்தியின் சுவருக்கும் இடையில் சுமார் 1,400 ஆண்டுகள் கழிந்துவிட்டன. புளூட்டார்க்கை ஒழுங்காகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு க்வின் கிரிஃபித்ஸ் 1970இல் வெளியிட்ட உரைப் பதிப்பு இருக்கிறது. கிரேக்க ஆசிரியரின் கூற்றுகளை எகிப்தியச் சான்றுகளோடு ஒப்பிட்டு, எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். ஒரு மூலத்தை எப்படிக் கையாள்வது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

புளூட்டார்க்கின் பக்திச் சாயலுக்கு மாற்றாக ஹோரஸ், சேத் வழக்கு என்ற எகிப்தியக் கதையையும் படித்துவிடுங்கள். கி.மு. பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சுருள். இப்போது டப்ளின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கிறது. ஆலன் கார்டினர் 1931இல் வெளியிட்டார். அரியணை யாருக்கு என்று தெய்வங்கள் எண்பது ஆண்டுகளாக வழக்காடுகிறார்கள், கோபித்துக்கொண்டு போய்ப் படுக்கிறார்கள், ஒருவரை ஒருவர் கேலி செய்கிறார்கள். எகிப்திய மதம் என்றால் இறுக்கமான முகத்தோடு மரணத்தையே நினைத்துக்கொண்டிருந்த மதம் என்ற எண்ணம் இதைப் படித்த பிறகு நிற்காது.

மூலத்தின் காலத்தைப் போலவே, உங்கள் கையில் உள்ள நூல் அச்சான ஆண்டையும் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஷபாகா கல் என்று ஒரு கருங்கல் இருக்கிறது. கி.மு. 700ஐ ஒட்டி ஆண்ட ஷபாகா மன்னன், பூச்சி அரித்த பழைய நூலொன்றைக் கண்டெடுத்து இந்தக் கல்லில் படியெடுக்கச் செய்ததாக அதுவே சொல்கிறது. ப்தா என்ற தெய்வம் மனத்தில் நினைத்து வாயால் சொல்லி உலகைப் படைத்தது என்ற புகழ்பெற்ற பகுதி அதில்தான் இருக்கிறது. (பிற்காலத்தில் யாரோ அந்தக் கல்லை அரைகல்லாகப் பயன்படுத்தியதில் நடுப்பகுதி எழுத்துகள் தேய்ந்து போய்விட்டன.) கல்லின் சொல்லை நம்பி, முன்தலைமுறை அறிஞர்கள் இதைப் பழைய அரசுக் காலத்தது (பிரமிடுகள் கட்டிய காலம்), உலகின் முதல் தத்துவ நூல் என்றெல்லாம் எழுதினார்கள். 1973இல் ஃப்ரீட்ரிஷ் யுங்கே மொழிச் சான்றுகளை வைத்து, இது ஷபாகா காலத்திலேயே பழைய நடையைப் பாவித்து எழுதப்பட்டது என்று வாதிட்டார். துல்லியமான காலத்தில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் பழைய அரசுக் காலம் என்பதை இன்று பெரும்பாலோர் ஏற்பதில்லை. மிரியம் லிக்ட்ஹைம் அதே 1973இல் வந்த தம் முதல் தொகுதியில் இதைப் பழைய அரசுப் பகுதியில் வைத்தார்; 1980இல் வந்த மூன்றாம் தொகுதியில் கருத்தை மாற்றிக்கொண்டதாக எழுதினார். அப்படி எழுதத் தெரிந்தவர் என்பதாலேயே அவர் மீது எனக்கு மதிப்பு கூடியது. 1973க்கு முந்தைய நூலில் ஷபாகா கல் பற்றிய பத்தி இருந்தால், அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அந்த லிக்ட்ஹைமின் மூன்று தொகுதிகள்தான் நீங்கள் முதலில் வாங்க வேண்டியவை. எகிப்திய இலக்கியத் திரட்டு என்று பெயர். துதிகள், கல்லறைக் கல்வெட்டுகள், அறிவுரை நூல்கள், கதைகள் எல்லாம் கால வரிசையில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் அது எங்கே கிடைத்தது, எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது, யார் பதிப்பித்தார் என்ற குறிப்பு உண்டு. மொழிபெயர்ப்பில் சதுர அடைப்புக்குறிகளும் புள்ளிகளும் வரும். சிதைந்த இடம், ஊகித்து நிரப்பிய இடம் என்று அதற்குப் பொருள். புதிதாகப் படிப்பவர்களுக்கு அவை எரிச்சலாக இருக்கும். நாலாயிரம் ஆண்டுப் பழைய நூல் ஓர் ஓட்டையும் இல்லாமல் வழவழவென்று ஓடினால்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும்.

அறிமுக நூல்களில், தெய்வங்களின் பெயர், வடிவம், கோயில் ஆகியவற்றைப் புரட்டிப் பார்க்க ரிச்சர்ட் வில்கின்சனின் 2003ஆம் ஆண்டு நூல் போதும், படங்களும் நிறைய. புராணங்களுக்கு ஜெரால்டின் பிஞ்ச். அதன்பின் எரிக் ஹோர்னுங். எகிப்தியர் உள்ளூர ஒரே கடவுளை வணங்கினரா, பல தெய்வங்களையா என்று நூறாண்டுகளாக நடந்த சண்டையை எடுத்துக்கொண்டு, அந்தக் கேள்வியையே மாற்றிப் போட்ட நூல் அவருடையது. ஜெர்மனில் 1971இல் வந்தது; ஜான் பெயின்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1982இல். கொஞ்சம் கடினம்தான், அவசரமில்லாமல் படியுங்கள். யான் அஸ்மன் மயக்கும் எழுத்தாளர். மரணத்தையும் மறுமையையும் பற்றி அவர் எழுதியதற்கு ஈடு குறைவு. ஆனால் பெரிய கோட்பாடுகளை வரைவதில் அவருக்கு இருக்கும் பிரியம் சான்றுகளைச் சில இடங்களில் முந்திக்கொண்டு ஓடுகிறது என்பது என் கருத்து. அவரைப் படித்த கையோடு ஸ்டீபன் குவர்க்கின் 2015ஆம் ஆண்டு நூலைப் படித்தால் சமநிலை கிடைக்கும். அகழாய்வில் கிடைத்த பொருள்களிலிருந்து தொடங்கி, நமக்கு எவ்வளவு தெரியும் என்பதையே சந்தேகித்துக்கொண்டு நகரும் நூல் அது.

சவச் சடங்கு நூல்களுக்குப் போகும்போது, பிரமிடுச் சுவர்களில் வெட்டிய பிரமிடு நூல்கள், சவப்பெட்டிகளில் எழுதிய சவப்பெட்டி நூல்கள், பிறகு வந்த இறந்தோர் நூல் ஆகிய மூன்றையும் கலக்காதீர்கள். பிரமிடு நூல்களுக்கு ஜேம்ஸ் ஆலனின் மொழிபெயர்ப்பு, 2015இல் வந்த திருத்திய பதிப்பு. சவப்பெட்டி நூல்களுக்கு ஃபாக்னரின் மூன்று தொகுதிகள். ஆங்கிலத்தில் 1,185 மந்திரங்களும் ஓரிடத்தில் கிடைப்பது அங்கேதான். இறந்தோர் நூலுக்குக் குவர்க்கும் 2013இல் ஒரு முழு மொழிபெயர்ப்பு தந்திருக்கிறார். இந்த மூன்றாவது நூல் பைபிள் போல அத்தியாயம் அத்தியாயமாக ஒரே வடிவில் இருந்ததில்லை. கார்ல் லெப்சியஸ் 1842இல் டூரினில் உள்ள ஒரு பிற்காலச் சுருளை வைத்து எண்கள் போட்டார். அந்த எண்களையே இன்றும் பயன்படுத்துகிறோம். ஒவ்வொருவரும் தம் வசதிக்கேற்ப மந்திரங்களைத் தேர்ந்து எழுதுவித்துக்கொண்டார்கள். இதயத்தைத் தராசில் நிறுத்தும் காட்சிக்குரிய 125ஆம் மந்திரம் புதிய அரசுக் காலத்தில்தான் (கி.மு. 1550க்குப் பிறகு) தலைகாட்டுகிறது. அதற்கு ஆயிரம் ஆண்டு முன்பே பெரிய பிரமிடைக் கட்டிய குஃபு மன்னன் தராசுக்கு முன்னால் நடுங்கி நின்றதாக எந்தத் தளமாவது எழுதினால் சிரித்துவிட்டு மூடிவிடுங்கள்.

இலவச மூலங்களைச் சொல்வதாகச் சொன்னேன். சிகாகோ பல்கலைக்கழகத்தின் கீழை ஆய்வு நிறுவனம் (2023இல் பெயரை மாற்றிக்கொண்டது) தன் வெளியீடுகளைத் தரவிறக்க விட்டிருக்கிறது. தாமஸ் ஜார்ஜ் ஆலன் 1974இல் வெளியிட்ட இறந்தோர் நூல் மொழிபெயர்ப்பும், எகிப்திய மந்திர வழக்கங்கள் குறித்து ராபர்ட் ரிட்னர் 1993இல் எழுதிய நூலும் அங்கே ஒரு காசு செலவில்லாமல் கிடைக்கும். ரிட்னரின் நூல் ஒன்றே பத்துப் பட்ஜுக்குச் சமம். லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகம் நடத்தும் எகிப்தியல் கலைக்களஞ்சியம் 2008 முதல் இயங்குகிறது. துறை அறிஞர்களே எழுதும் கட்டுரைகள், சக அறிஞர்களின் மதிப்பீட்டுக்குப் பிறகே வெளியாகின்றன. வீட்டு வழிபாடு, தனிநபர் பக்தி பற்றிய கட்டுரைகளை முதலில் படியுங்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மாணவர்களுக்காக உருவாக்கிய 'டிஜிட்டல் ஈஜிப்ட்' தளம் பார்வைக்குப் பழையதாகிவிட்டது, உள்ளடக்கம் கெட்டுப்போகவில்லை. பான் பல்கலைக்கழகத்தின் இறந்தோர் நூல் தரவுத்தளத்தில் எந்தச் சுருளில் எந்த மந்திரம் இருக்கிறது என்று தேடலாம். விக்கிப்பீடியாவை நான் வெறுப்பதில்லை. கட்டுரையைப் படிக்கும் முன் அடிக்குறிப்புகளைப் பார்க்கிறேன். அங்கே பட்ஜ் பெயர் மூன்று முறை வந்தால் திரும்பிவிடுகிறேன். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் நூற்பட்டியல் கேட்டால் இல்லாத நூலைக்கூட ஆண்டு, பதிப்பகம் எல்லாம் சேர்த்து நம்பும்படி தரும். ஒவ்வொரு தலைப்பையும் நூலகப் பட்டியலில் தேடிப் பார்க்காமல் குறித்துக்கொள்ளாதீர்கள்.

எத்தனை நல்ல நூல்களைச் சேர்த்தாலும் ஒரு குறை தீராது. மக்கள் வாழ்ந்த ஊர்கள் மண் செங்கல்லால் கட்டப்பட்டு நைல் வண்டலுக்கும் இன்றைய ஊர்களுக்கும் அடியில் கிடக்கின்றன. கல்லறைகளும் கற்கோயில்களும் பாலைவன விளிம்பில் பத்திரமாக நிற்கின்றன. ஆகவே மரணமும் மன்னரும் நம் கையில் அளவுக்கு மீறி இருக்கின்றன. வயலில் வேலை செய்தவள் யாரிடம் என்ன வேண்டிக்கொண்டாள் என்பது கிட்டத்தட்ட இல்லை. விதிவிலக்கு தேர் எல் மெதினா, அரசக் கல்லறைகளை வெட்டிய தொழிலாளர்களின் ஊர். அங்கே வாழ்ந்த நெஃபெராபு என்பவர் ப்தாவின் பெயரால் பொய்ச் சத்தியம் செய்ததாகவும், அதனால் தெய்வம் தம்மைப் பகலிலேயே இருளைக் காணச் செய்ததாகவும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார். அந்தக் கல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இப்படிப்பட்ட குரல்கள் அபூர்வம். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் எழுத்தறிவில் சராசரியைவிட மிக உயர்ந்தவர்கள்; அவர்களை வைத்து எகிப்து முழுவதையும் அளந்துவிடக் கூடாது.

ஒதுக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெந்தேரா கோயிலின் 'மின்விளக்கு': அங்குள்ள ஒரு சுவர்ச் சிற்பம் மின்விளக்கைக் காட்டுகிறது என்பார்கள். பக்கத்திலேயே ஹைரோகிளிஃப் இருக்கிறது, தாமரையிலிருந்து எழும் பாம்பு வடிவத் தெய்வம் என்று படித்தவர்களுக்குத் தெரியும். 'கைபாலியன்': எகிப்திய ஞானம் என்று விற்கப்படும் இந்த நூல் 1908இல் சிகாகோவில் பிறந்தது, எழுதியவர் வில்லியம் வாக்கர் அட்கின்சன் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. யோகி ராமசரகர் என்ற பெயரில் யோக நூல்கள் எழுதியவரும் இதே அமெரிக்கர்தான்! ஹோரஸ் கன்னியிடம் பிறந்து சிலுவையில் அறையப்பட்டார் என்ற செய்தி: எந்த எகிப்திய மூலத்திலும் இல்லை, மேலே சொன்ன அபிடோஸ் சுவரே கன்னிப் பிறப்பை மறுத்துவிடும்.

நம்மவர்களிடம் பரவும் ஒன்றும் உண்டு: எகிப்தியத் தெய்வங்களில் அமுன் என்றால் அம்மன், ரா என்ற சூரியத் தெய்வம் என்றால் ரவி, ஆகவே எகிப்திய மதம் இங்கிருந்து போனது என்று. தமிழர்கள் எகிப்துக்குப் போனது உண்மை. செங்கடல் துறைமுகங்களான குசேர் அல் கதீமிலும் பெரெனிகேயிலும் தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் அவை ரோமானிய வணிகக் காலத்தை ஒட்டியவை. அதற்குள் அமுன் வழிபாட்டுக்கு இரண்டாயிரம் ஆண்டு வயதாகிவிட்டது. மேலும் எகிப்தியர் உயிரெழுத்துகளை எழுதவில்லை. இன்று நாம் உச்சரிக்கும் பெயர்களில் உள்ள உயிரொலிகள் பெரும்பாலும் அறிஞர்கள் வசதிக்காகச் சேர்த்துக்கொண்டவை. அவற்றை வைத்து ஒலி ஒற்றுமை தேடுவது வீண் வேலை.

மொழிக் கவலைக்கு வருகிறேன். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஆங்கிலமே போதும். ஜெர்மனைவிட எகிப்திய மொழியையே கொஞ்சம் கற்றுக்கொள்வது அதிகப் பயன் தரும். மார்க் கோலியரும் பில் மேன்லியும் 1998இல் எழுதிய சிறு பாடநூலை வைத்துக்கொண்டு, கற்பலகைகளில் திரும்பத் திரும்ப வரும் படையல் வாசகத்தைத் தனியாகவே படிக்கப் பழகலாம். அதன்பின் ஜேம்ஸ் ஆலனின் இலக்கணம். இவ்வளவு வந்துவிட்டால், பெர்லின் அறிவியல் கழகம் இணையத்தில் வைத்திருக்கும் எகிப்தியச் சொற்களஞ்சியம் உங்களுக்குத் திறந்துவிடும். ஒரு சொல் எந்தெந்த நூலில், எந்தக் காலத்தில் வருகிறது என்று அதிலேயே பார்க்கலாம். அதன் மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் ஜெர்மனில்தான். தனி வாக்கியத்துக்கு உலாவியின் மொழிபெயர்ப்பி சமாளித்துவிடும். ஓர் ஆய்வுக் கட்டுரையின் வாதத்தைப் பின்தொடர அது உதவாது. அந்தத் தேவை வரும்போது ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தால் போதும்.